மலையேறும் மூலதனம்

முன்னுரை

நிலம், உழைப்பு, மூலதனம், அமைப்பு என்னும் நான்கு உற்பத்திக் காரணிகளைப் பொருளியல் மாணவர்கள் முதலாண்டிலேயே படித்துவிடுகிறோம். இவற்றுள் நிலம் நகராது. உழைப்பு மெல்ல நகரும். மூலதனமோ இலாபம் தெரியும் திசை நோக்கி விரைந்து ஓடும். ஓடுகின்ற அதனை ஒரு மலை மாவட்டத்திற்கு அழைத்து வருவது எப்படி, வந்ததை இருக்கச் செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது வெறும் ஏட்டுக் கேள்வி ஆகாது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர் வாழ்ந்தனர். 2011இல் அத்தொகை 7,35,394 ஆகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டுகளில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். இந்த எண்ணிக்கைக்குள் நம் வீட்டுப் பிள்ளைகளும் அடக்கம். நான் கேத்திப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவன். எங்கள் ஹட்டியில் என்னோடு பள்ளியில் படித்தவர்களுள் பாதிப்பேர் இன்று கோவையிலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பட்டம் பெற்றவுடன் நம்முள் பலரும் பர்லியாறு வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ மலையிறங்கப் போகிறோம். ஆகவே இம்மலைக்கு எத்தகைய தொழில் வரும், எது நிலைக்கும் என்று ஆராய்வது நம் சொந்த வாழ்க்கையை ஆராய்வதற்கு ஒப்பாகும்.

“முதலீட்டாளர்களை அழைப்போம், நிலம் தருவோம், சலுகை தருவோம்” என்ற பேச்சை மேடைகளில் கேட்கிறோம். ஆனால் நீலகிரிக்கு மூலதனம் வராமல் இல்லை. இருநூறு ஆண்டுகளாக வந்துகொண்டேயிருக்கிறது. வந்தவற்றுள் சில வேரூன்றின, சில பட்டுப்போயின. இந்த வேறுபாட்டின் காரணத்தை அறிந்தால்தான் இனி யாரை அழைக்க வேண்டும் என்பது விளங்கும்.

வெபரின் தராசு

தொழிற்சாலைகள் ஏன் ஓரிடத்தில் அமைகின்றன என்பதை விளக்க ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரெட் வெபர் 1909ஆம் ஆண்டில் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். அதன் சாரம் எளியது. மூலப்பொருளைக் கொண்டுவரும் செலவையும், செய்த பொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் தராசின் இரு தட்டுகளில் இட்டுப் பார்க்க வேண்டும். செய்முறையில் எடை மிகவும் குறையும் மூலப்பொருளாக இருந்தால், ஆலை அப்பொருள் விளையும் இடத்தருகே அமையும். கரும்பு விளையும் இடத்தில் சர்க்கரை ஆலை அமைவது இதற்குச் சான்று. அடுத்து, கூலி மலிவாகவோ தொழில் திறம் மிகுந்தோ இருக்குமிடம் போக்குவரத்துச் செலவையும் மீறி ஆலையை இழுக்கும். ஒரே வகைத் தொழில்கள் ஓரிடத்தில் கூடுவதால் கிடைக்கும் சிக்கனமும் இழுக்கும்.

இத்தராசில் நம் மலையை நிறுத்திப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஒரு லாரிச் சரக்கு மேலே வருவதற்கு ஆகும் எரிபொருளும் நேரமும், சமவெளியில் அதே தூரத்திற்கு ஆவதைவிட மிகுதி. மழைக்காலத்தில் மண் சரிந்தால் வழி அடைபடும். சமதளமான நிலம் அரிது. எனவே கனமான பொருளை மேலே கொண்டுவந்து, கனமான பொருளாகவே கீழே இறக்கும் தொழில் எதுவும் இங்கே பிழைக்காது. மலைக்கு ஏறிவரும் தொழிலுக்கு ஏறிவருவதற்கென்று ஒரு தனிக் காரணம் வேண்டும்.

கல் பங்களாவும் பல்சக்கர இரயிலும்

நம் கல்லூரி வளாகத்தில் நிற்கும் கல் பங்களா, இம்மலையில் வெளியார் செய்த முதலீட்டின் தொடக்கச் சின்னம் எனலாம். 1819இல் மலையேறி வந்த கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822இல் அதைக் கட்டத் தொடங்கினார். அவர் மலையேறிய காரணம் குளிர். அதே காரணம் பற்றிச் சாலை வந்தது, ஏரி வந்தது, ஐரோப்பியக் காய்கறிகள் வந்தன, பின்னர் கோடைத் தலைநகரும் வந்தது.

1860களில் அரசே சிங்கோனா மரங்களைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டது. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அம்மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. நோய்க்கு மருந்து தேவைப்பட்டது. மரத்திற்கு மலைச்சரிவு தேவைப்பட்டது. இரண்டும் பொருந்தின. ஆயினும் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவின் சிங்கோனா உலகச் சந்தையை நிரப்பியபோது விலை வீழ்ந்தது. இடம் பொருந்தியிருந்தால் மட்டும் போதாது, தொலைவில் உள்ள போட்டியாளனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அக்காலத்திலேயே கிடைத்த பாடம்.

மலை இரயிலின் வரலாறும் முதலீட்டுப் பாடமே. அதைப் போட முதலில் அமைந்த தனியார் கம்பெனி, பணி முடியும் முன்னரே 1894இல் கலைக்கப்பட்டது. புதிதாக அமைந்த கம்பெனி 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வண்டியை ஓட்டியது. 1903இல் அரசு அப்பாதையை விலைக்கு வாங்கியது. 1908இல் பாதை உதகை வரை நீண்டது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. சாலை, இரயில், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளில் இலாபம் மெல்லத்தான் வரும். தனியார் அதுவரை காத்திருப்பது அரிது. அரசு கை கொடுத்தாக வேண்டும் என்று பேராசிரியர்கள் வகுப்பில் கூறுவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

நீர் இங்கே, ஆலை அங்கே

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இம்மலையின் நீர் பல ஆயிரம் அடி கீழே பாய்ந்து மின்சாரமாயிற்று. அம்மின்சாரம் முதலில் சென்றடைந்த பெருஞ்சந்தை கோயம்புத்தூர். 1930களில் அந்நகரில் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்ததற்குப் பைக்காரா மின்சாரம் ஒரு தலையாய காரணம் என்பதைத் தமிழகப் பொருளாதார வரலாறு படித்தோர் அனைவரும் அறிவர். பின்னர் 1960களில் கனடா நாட்டின் உதவியோடு குந்தா மின்திட்டம் வளர்ந்தது. அதன் பயனும் பெரும்பாலும் சமவெளிக்கே சென்றது.

இதனைக் குறையாகச் சொல்லவில்லை. கம்பியில் செல்லும் மின்சாரத்திற்குச் சுமைகூலி மிகக் குறைவு. பருத்தியோ கனமானது, கோவையைச் சுற்றி விளைந்தது. ஆகவே பருத்தியை மலைக்கு ஏற்றுவதைவிட மின்சாரத்தைக் கீழே இறக்குவதே சிக்கனம். வெபரின் தராசு இங்கே சரியாகவே சாய்ந்தது. ஆனால் ஓர் உண்மையை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு வட்டாரத்தில் பெரும் மூலதனம் போடப்பட்டதனாலேயே அவ்வட்டாரத்தில் வேலை பெருகிவிடும் என்பதில்லை. அணையும் சுரங்கமும் எழும்போது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைக்கும்; எழுந்து முடிந்தபின் சிலரே எஞ்சுவர்.

இதற்கு மாறான காட்சியும் இங்கே உண்டு. அரவங்காட்டில் 1904 முதல் இயங்கிவரும் வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் காட்டேரி அருவியின் நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். மலையின் நீர் மலையிலேயே தொழிலுக்குப் பயன்பட்டது. படைக்கு வேண்டிய பொருளாதலால் அதன் சந்தையும் உறுதியாக இருந்தது. நூறாண்டுக்கும் மேலாகக் குன்னூர் வட்டாரத்தின் பல தலைமுறைகளுக்கு அது சோறு போட்டிருக்கிறது. 2021 முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா என்னும் அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.

இந்து நகரின் கதை

நீலகிரியில் சுதந்திரத்துக்குப் பின் எழுந்த மிகப் பெரிய தொழில் முயற்சி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆகும். 1960இல் மத்திய அரசு நிறுவனமாகத் தோன்றி, பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்ப உதவியோடு, 1967இல் அது உற்பத்தியைத் தொடங்கியது. திரைப்படச் சுருள், எக்ஸ்ரே சுருள், படம் அச்சிடும் தாள் ஆகியவற்றை ‘இந்து’ என்ற வணிகப் பெயரில் விற்றது. ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்றே பெயர் வந்தது.

உதகையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? படச்சுருள் செய்யத் தூசியற்ற காற்று வேண்டும், தூய நீர் வேண்டும், வெப்பம் குறைந்த சூழல் வேண்டும். இம்மூன்றும் இங்கே இயற்கையாகவே கிடைத்தன. சுருள் எடை குறைந்தது, விலை மிகுந்தது, கீழே இறக்கும் செலவு பொருட்டன்று. வெபரின் தராசு இந்த ஆலைக்கு எதிராக இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானோர் அங்கே வேலை செய்தனர். ‘பிலிம் பாக்டரி’யில் வேலை என்றால் பெண் கொடுக்க முன்வந்த காலம் ஒன்று இருந்ததாக எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பின் ஏன் அது வீழ்ந்தது? காரணங்கள் பல.

முதலாவது, அதன் சந்தை இறக்குமதிக் கட்டுப்பாடு என்னும் வேலிக்குள் வளர்ந்த சந்தை. 1991க்குப் பின் பொருளாதாரத் தாராளமயம் வந்து வேலி தாழ்ந்தபோது, கோடாக், பியூஜி போன்ற உலகப் பெருநிறுவனங்களோடு அது நேருக்கு நேர் நிற்க நேர்ந்தது.

இரண்டாவது, காலம் மாறியதற்கேற்ப அது மாறியது தாமதமாகத்தான். உலகம் வண்ணப்படத்திற்குச் சென்றபோது இதன் பலம் கறுப்பு வெள்ளையிலேயே இருந்தது. பிறகு பாலியெஸ்டர் எக்ஸ்ரே சுருள் திட்டத்திற்காகப் பெருங்கடன் வாங்கியது. அக்கடனின் வட்டியே நிறுவனத்தை அழுத்தியது.

மூன்றாவது, முடிவெடுக்கும் இடம் மலையில் இல்லை. தொழில்நுட்பம் வெளிநாட்டிலிருந்து வந்தது; முதலும் கொள்கையும் டில்லியிலிருந்து வந்தன. மலையிலிருந்து தரப்பட்டவை நிலமும் நீரும் காற்றும் உழைப்பும் மட்டுமே.

1990களின் நடுவில் அந்நிறுவனம் நலிவுற்றதென அறிவிக்கப்பட்டது. எஞ்சிய ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு அளிக்க 2014இல் மத்திய அமைச்சரவை இசைந்தது. நீதிக்காக இன்னொன்றும் கூற வேண்டும். டிஜிட்டல் கேமரா வந்தபின் படச்சுருள் தொழிலே உலகெங்கும் சாய்ந்தது. கோடாக் நிறுவனமே 2012 ஜனவரியில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. ஆகவே நம் ஆலை மூடியதற்குத் தொழிலாளியைக் குறை கூறுவது முறையன்று. என் மனத்தை உறுத்துவது வேறொன்று. கோடாக் வீழ்ந்தபோதும் அது வளர்ந்த ராச்செஸ்டர் நகரில் பல்கலைக்கழகமும் ஒளியியல் தொழில்களும் எஞ்சின. இந்து நகரில் எஞ்சியவை ஆளற்ற கட்டடங்கள். இருட்டறையில் நுட்பமாக வேலை செய்யப் பழகிய கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தும், அத்திறமையைக் கொண்டு வேறொரு தொழிலைத் தொடங்கும் வழியை எவரும் வகுக்கவில்லை.

கேத்தியின் ஊசி

இந்து நகரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் மற்றொரு கதை இருக்கிறது. 1949இல் கேத்தியில் ஊசித் தொழிற்சாலை தொடங்கியது. இங்கிலாந்தின் ஸ்டட்லி என்னும் ஊரில் இருந்த தாய் நிறுவனத்தின் முதலீட்டில் நீடில் இண்டஸ்ட்ரீஸ் (இந்தியா) என்ற பெயரில் அது எழுந்தது. ஊசிக்கு வேண்டிய எஃகுக் கம்பி மலையில் கிடைப்பதன்று. ஊசி வாங்குவோரும் மலையில் மட்டும் இல்லை. அப்படியானால் அது இங்கே எப்படிப் பிழைத்தது?

ஒரு பெட்டி ஊசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும். எடை சிறிது, எண்ணிக்கை பெரிது. கம்பியை வெட்டி, காது துளைத்து, கூராக்கி, பதமேற்றி, மெருகிட்டுப் பொட்டலமிடும் வரை ஒவ்வொரு படியிலும் கண்ணும் கையும் கூர்மையாக வேண்டும். அதாவது பொருளின் விலையில் பெரும்பங்கு திறமைக்கு உரியது. சுமைகூலிக்கு உரியது சிறுபங்கு. திறமை ஒருமுறை ஓர் ஊரில் படிந்துவிட்டால் அதைப் பெயர்த்து வேறிடம் கொண்டுசெல்வது எளிதன்று. தையல் ஊசியோடு நிற்காமல், கம்பளி பின்னும் ஊசிகளைப் ‘போனி’ என்ற பெயரில் பல நாடுகளுக்கு அது அனுப்பிவருகிறது. வெளிநாட்டுச் சந்தையின் போட்டியில் பழகியிருந்ததால், உள்நாட்டு வேலி தாழ்ந்தபோது அது அஞ்ச நேரவில்லை.

இன்னொரு செய்தி பொருளியல் மாணவர்களோடு வணிகவியல் மாணவர்களுக்கும் பயன்படும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டார் வைத்திருக்கும் பங்கைக் குறைக்கச் சொன்னது. அதைத் தொடர்ந்து எழுந்த பங்குரிமை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1981இல் முடிவுற்றது. நிறுவனச் சட்டம் படிப்போர் இன்றும் அத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். அவ்வழக்கின் காலத்தில் கம்பெனியின் பங்குகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு அங்கே பணியாற்றிய இந்திய ஊழியர்களிடமும் அவர்தம் உறவினரிடமும் இருந்தது. வெளியிலிருந்து வந்த மூலதனத்தில் உள்ளே இருப்போருக்கும் உடைமை ஏற்பட்டிருந்தது என்பதை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப்பகுதியை இதனோடு ஒப்பிடலாம். பனிக்காலத்தில் உழவு வேலை இல்லாத மலைக் குடியானவர்கள் வீட்டிலிருந்தே கடிகார உறுப்புகளைச் செய்து பழகினர். அதுவே உலகப் புகழ் பெற்ற கைக்கடிகாரத் தொழிலாயிற்று. 1970களில் ஜப்பானின் குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்து அத்தொழிலை உலுக்கின. ஏராளமானோர் வேலை இழந்தனர். ஆனால் நுண்பொறித் திறமை அம்மலை ஊர்களிலேயே தங்கியிருந்தது. 1983இல் ஸ்வாட்ச் என்ற மலிவுக் கடிகாரத்தோடு தொழில் மீண்டெழுந்தது. ஒரு பொருள் வழக்கொழியலாம். திறமை ஊரில் வேரூன்றியிருந்தால் மற்றொரு பொருள் பிறக்கும்.

இலை காத்திராது

தேயிலையைப் பேசாமல் நீலகிரித் தொழிலைப் பேசுவது இயலாது. பறித்த பச்சை இலையை அன்றன்றே ஆலையில் சேர்க்க வேண்டும். தாமதித்தால் தரம் கெடும். நாலரைக் கிலோ அளவு பச்சை இலை ஒரு கிலோ தேயிலைத் தூளாகச் சுருங்குகிறது. எடை குறையும் மூலப்பொருளுக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை வெபரும் தந்திருக்க முடியாது. ஆகையால் தேயிலை ஆலை மலையை விட்டு இறங்க முடியாது. எந்தச் சலுகையும் தராமலேயே இங்கே நிற்கும் தொழில் அது.

ஆனால் தொழில் இங்கே நிற்பது வேறு. அதன் வருவாய் இங்கே நிற்பது வேறு. தொடக்கத்தில் பெருந்தோட்டங்களுக்கே ஆலை இருந்தது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருந்த சிறு விவசாயி, இலையை ஆலைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்தார். இந்நிலையை மாற்றக் கூட்டுறவு முறை வந்தது. 1960களின் தொடக்கத்தில் குந்தாப் பகுதியில் கூட்டுறவுத் தேயிலை ஆலை அமைந்தது. 1965இல் கூட்டுறவு ஆலைகளின் இணையமாக இண்ட்கோசர்வ் தோன்றியது. இன்று 16 ஆலைகளும் ஏறத்தாழ 30,000 சிறு விவசாயிகளும் அதன்கீழ் உள்ளனர். சிறு துளிகளாக இருந்த உள்ளூர்ச் சேமிப்பு அரசின் பங்கு முதலோடு சேர்ந்து ஆலைகளாக எழுந்தது. வெளியார் எவரும் வந்து போட்ட மூலதனம் அன்று. நம் பெற்றோரும் பாட்டனாரும் பங்குப் பணம் கட்டிப் போட்ட மூலதனம். என் தந்தையாரிடமும் அப்படி ஒரு பங்குச் சான்று இருக்கிறது.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களின் வரலாறும் இதனோடு சேரும். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து திரும்பியவர்களுக்கு வேலை அளிக்க, 1968இல் தமிழக அரசு தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. அதுவே 1976இல் டான்டீ என்னும் கழகமாயிற்று. இலாபம் ஒன்றையே நோக்காமல், குடும்பங்களுக்கு வாழ்வளிக்கவும் அரசு மூலதனம் வரலாம் என்பதற்கு அது சான்று. அண்மை ஆண்டுகளில் கழகம் நட்டத்தில் தள்ளாடுவதும், 2022இல் அதன் நிலத்தில் ஒரு பகுதி வனத்துறைக்குத் திரும்பியதும் அந்தக் குடும்பங்களுக்கு மீண்டும் கவலையைத் தந்துள்ளன.

கூட்டுறவும் குறைவற்றது அன்று. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் நீலகிரித் தேயிலையின் பெரிய சந்தை ஆட்டங்கண்டது. 1990களின் இறுதியில் பச்சை இலை விலை பறிகூலிக்கும் காணாத அளவுக்கு வீழ்ந்தது. கட்டுப்படியாகும் விலை கேட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்ததை அண்மையிலும் கண்டோம். இதன் காரணத்தை ஒரு வரியில் சொன்னால், நம் தேயிலை மூட்டையாக மலையிறங்கி, பொட்டலமாக மலையேறி வருகிறது. 1963 முதல் குன்னூரில் ஏலம் நடக்கிறது; தூள் அங்கே மொத்தமாக விற்கப்படுகிறது. கலத்தல், பொட்டலமிடல், பெயரிடல், விளம்பரம் செய்தல் ஆகியவை பெரும்பாலும் மலைக்கு வெளியே நடக்கின்றன. தூளின் விலைக்கும் கடையில் நாம் வாங்கும் பொட்டலத்தின் விலைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. எனவே தேயிலையில் இனி வேண்டிய முதலீடு மற்றுமோர் உருளை எந்திரத்தில் இல்லை. தரமான இலை பறிக்கும் பழக்கத்திலும், சிறிய அளவில் உயர்ந்த வகைத் தேயிலை செய்யும் பிரிவுகளிலும், இங்கேயே பொட்டலமிட்டு நம் பெயரில் விற்கும் ஏற்பாட்டிலும் அது செல்ல வேண்டும்.

மலைக்கும் ஓர் அளவு உண்டு

சிலர் கேட்கலாம்: “உல்லாசப் பயணத் தொழில் ஒன்று போதாதா? விடுதிகள் பெருகினால் வேலை பெருகாதா?” வேலை பெருகும் என்பது உண்மை. ஆனால் மலை தாங்கும் அளவும் கணக்கில் வர வேண்டும். 2009 நவம்பர் மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கவில்லை. சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை மறித்த விடுதிகளை மூட வேண்டும் என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. வண்டிகளின் நெரிசலைக் கண்ட சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் முறை வந்தது. 1986இல் அமைந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பெயரே நம் மாவட்டத்தின் பெயர்தான்.

ஆகவே எந்த முதலீடும் வரட்டும் என்று வாயிலைத் திறந்து வைக்க நம்மால் முடியாது. காட்டையும் நீரையும் சரிவையும் தின்று வளரும் தொழில், தான் வந்த காரணத்தையே அழித்துவிடும். குளிருக்காக வந்தவர்கள் குளிரைக் கெடுத்தால் பிறகு எவர் வருவார்?

மூன்று கேள்விகள்

இதுவரை கண்டவற்றிலிருந்து, மலைக்கு வர விரும்பும் எந்தத் தொழிலிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

முதற்கேள்வி: நீ ஏன் மலையேற வேண்டும்? சலுகைக்காக என்பது விடையானால், சலுகை முடியும் நாளில் அது இறங்கிவிடும். இங்கே விளையும் பொருளுக்காகவோ இங்குள்ள திறமைக்காகவோ என்றால் அது நிற்கக்கூடும். தேயிலை முதல் வகை. ஊசி இரண்டாம் வகை.

இரண்டாம் கேள்வி: இங்குள்ளவர்க்கு உன்னிடம் என்ன பங்கு? பங்கு என்பது கூலி மட்டுமன்று. பங்குரிமை, பயிற்சி, மேலாண்மையில் இடம் ஆகியவையும் சேர்ந்ததே பங்கு. கூட்டுறவு ஆலையிலும் கேத்தியிலும் இப்பங்கு ஓரளவு இருந்தது. இந்து நகரில் இல்லை.

மூன்றாம் கேள்வி: நீ போய்விட்டால் எங்களிடம் என்ன எஞ்சும்? எந்தத் தொழிலும் என்றும் நிற்காது. ஆனால் திறமையும் சேமிப்பும் கெடாத நிலமும் எஞ்சினால் அடுத்த தொழிலுக்கு அவையே முதலாகும்.

இக்கேள்விகளுக்கு இக்காலத்துத் தொழில்களிலும் விடை தேடலாம். தென்காசி அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் 2011இல் சோஹோ நிறுவனம் அலுவலகம் தொடங்கியது. மென்பொருளுக்குச் சுமைகூலி இல்லை. கனமான மூலப்பொருள் இல்லை. வேண்டியது பயின்ற மூளையும் தடையற்ற மின்சாரமும் இணைய வசதியும். அந்நிறுவனம் உள்ளூர் இளைஞர்களைப் பயிற்றி வேலைக்கு எடுத்தது. ஆளுள்ள இடத்தைத் தேடி மூலதனம் சென்றது. தமிழக அரசு விழுப்புரத்திலும் தஞ்சாவூரிலும் சேலத்திலும் 2024இல் திறந்த சிறு தொழில்நுட்பப் பூங்காக்களும் இதே எண்ணத்தில் பிறந்தவை. வெபர் காலத்துத் தராசில் நம் மலைக்கு எதிராக இருந்த எடை, இத்தகைய தொழிலில் இல்லாமற் போகிறது. ஆனால் தராசின் மறுதட்டில் நாம் வைக்க வேண்டிய எடை ஒன்று உண்டு. அது பயிற்சி. பயின்றவர் இல்லாத ஊருக்கு எந்தக் கட்டடமும் தொழிலைக் கொண்டுவராது.

முடிவுரை

நீலகிரிக்கு மூலதனம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. குளிரைக் காட்டி அழைத்தால் விடுதிகள் வரும். சலுகையைக் காட்டி அழைத்தால் சலுகை உள்ளவரை ஆலைகள் வரும். திறமையையும் உள்ளூர்ச் சேமிப்பையும் காட்டி அழைத்தால் வருவது தங்கும். இதுவே நான் கண்ட முடிவு.

இம்முடிவைச் சரிபார்க்க நம் கல்லூரியே ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம் என்று பேராசிரியப் பெருமக்களிடம் பணிவுடன் வேண்டுகிறேன். பொருளியல், வணிகவியல் மாணவர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களின்போது ஹட்டிதோறும், லைன் வீடுதோறும் சென்று சில செய்திகளைக் கேட்டு எழுதலாம். எந்த வீட்டில் யார் எந்தத் தொழில் கற்றிருக்கிறார்கள்? இந்து நகர் ஆலையில் வேலை செய்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? கூட்டுறவு ஆலையில் பங்கு உள்ளவர்கள் அதன் கூட்டங்களுக்குச் செல்கிறார்களா? ஊரை விட்டுச் சென்றவர்கள் எந்த வேலை இங்கே கிடைத்தால் திரும்புவார்கள்? மலையின் காற்றையும் நீரையும் பற்றிய குறிப்புகள் அரசு அலுவலகங்களில் வேண்டிய மட்டும் உண்டு. மலை மக்களின் கைத்திறமையைப் பற்றிய கணக்கையும் எவரேனும் எடுத்து வைக்க வேண்டும்.

அக்கணக்கு கையில் இருந்தால், நாளை ஒரு தொழில்முனைவர் வந்து “இங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்கும்போது, பனியையும் பள்ளத்தாக்கையும் மட்டும் சுட்டிக்காட்டி நிற்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் என்னென்ன தொழில் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவ்வளவு பங்கு முதல் போட அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்பதை எண்ணோடு எடுத்துச் சொல்லலாம். அப்படிச் சொல்ல முடிந்தால், நம்மோடு படிப்பவர்களுள் சிலரேனும் மலையிறங்காமல் இங்கேயே வாழ வழி பிறக்கும்.